பித்த உடம்பா? முதலில் நேரத்துக்குச் சாப்பிடுங்க!



எந்தக் குழுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாலும் உடம்புப் பேச்சு வராமல் இருக்காது. சந்தா வாங்கி, கடன் தவணை எழுதி முடிப்பதற்குள் யாராவது ஒருத்தர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பித்த உடம்புங்க, வெயில் ஆகாது" என்பார். தலை சுத்தினால் பித்தம். காலையில் வாய் கசந்தால் பித்தம். குதிகால் வெடித்தால் பித்த வெடிப்பு. முடி சீக்கிரம் நரைத்தால் பித்த நரை. கோபம் வந்தால்கூட பித்தம் தலைக்கேறிட்டதுன்னு சொல்லிடுறோம். இத்தனைக்கும் ஒரே சொல்! அந்தச் சொல்லுக்கு ஆயுர்வேதத்தில் என்ன பொருள், பித்த உடம்புக்காரங்க எப்படி நடந்துக்கணும், எதைப் பித்தம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

மூன்று வாகு

நம் உடம்பை வாதம், பித்தம், கபம் என்ற மூன்று நடத்துகிறது என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. சித்த மருத்துவத்திலும் இதே மூன்றுதான். வளி, அழல், ஐயம் என்று தமிழில் சொல்வாங்க. வளி என்றால் காற்று, அழல் என்றால் நெருப்பு. திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் முதல் குறளே இந்த மூன்றைப் பற்றித்தான் பேசுகிறது. கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்பது அதன் கருத்து.

உடம்பில் அசைவதெல்லாம் வாதத்தின் வேலை. செரிப்பதும் சூடு தருவதும் பித்தத்தின் வேலை. தாங்கிப் பிடிப்பதும் வழவழப்பு தருவதும் கபத்தின் வேலை. மூன்றும் எல்லாரிடமும் உண்டு. ஆனால் ஒவ்வொருத்தருக்கும் பிறவியிலேயே ஒன்றோ இரண்டோ தூக்கலாக இருக்கும். அதைத்தான் 'பிரகிருதி' என்று ஆயுர்வேத நூல்கள் சொல்கின்றன. நாம் உடம்பு வாகு என்கிறோம்.

புரியும்படி சொல்லணும்னா ஒரே வீட்டில் இருக்கும் மூன்று ஓரகத்திகளை நினைச்சுக்கோங்க. மூத்தவர் ஒல்லி, தோல் வறண்டிருக்கும், ஒரு நாள் பசிக்கும் ஒரு நாள் பசிக்காது, தூக்கம் கம்மி, மலச்சிக்கல், பேச்சு படபடவென்று வரும். இவர் வாத வாகு. நடுவுள்ளவருக்கு எப்போதும் உடம்பு கதகதப்பாக இருக்கும். நிறைய வேர்க்கும். தாகம் அதிகம். பசி வந்தால் ஒரு நிமிஷம் தாங்க மாட்டார், சிடுசிடுவென்று விழுவார். மலம் இளகலாகப் போகும். சீக்கிரம் நரைக்கும். ஆனால் கணக்கு வழக்கில் கெட்டி, எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வார். இவர்தான் பித்த வாகு. இளையவர் நல்ல உடற்கட்டு, நிதானம், படுத்தால் தூக்கம், ஒரு வேளை சாப்பிடாமல்கூட வேலை பார்த்துவிடுவார். அது கப வாகு.

இப்படி அச்சில் வார்த்தது போல யாரும் இருப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு கலந்துதான் இருக்கும். நமக்கு எது தூக்கல் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இங்கே இரண்டு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒன்று, பித்த வாகு என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. அது ஒருத்தருடைய இயல்பு. அந்த இயல்பு தன் அளவை மீறும்போதுதான் தொந்தரவு. இரண்டாவது, ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் "பித்தப்பையில் கல்" என்று சொல்வது வேறு சங்கதி. ஈரலிலிருந்து சுரந்து பித்தப்பையில் தங்கும் பித்தநீரைப் பற்றி அவர் பேசுகிறார். ஆயுர்வேதம் சொல்லும் பித்தம் அந்த நீர் மட்டும் இல்லை, உடம்பின் மொத்தச் சூட்டுக்கும் செரிமானத்துக்கும் வைத்த பெயர். பித்தப்பைக் கல்லுக்குப் "பித்தம் போக்கும் சூரணம்" சாப்பிட்டு நாளைக் கடத்தக் கூடாது.

ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் பித்த வெடிப்பு என்று சொல்லும் குதிகால் வெடிப்பை, நிறைய நடக்கிறவங்களின் காலில் வாதம் வறட்சி உண்டாக்குவதால் வருவது என்றுதான் சுசுருதர் நூல் சொல்கிறது. பித்தத்தின் மேல் வீண் பழி!

பித்தம் எதனால் கூடுகிறது?

காரம், புளிப்பு, உப்பு ஆகிய மூன்று சுவையும் பித்தத்தைக் கூட்டும். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றும் தணிக்கும். இனிப்பு என்றதும் சர்க்கரையை நினைக்க வேண்டாம். அரிசி, கோதுமை, பால், நெய் எல்லாமே ஆயுர்வேதக் கணக்கில் இனிப்புச் சுவைதான். ஊறுகாய், வற்றல் குழம்பு, புளித்த மோர், கருவாடு, கொள்ளு, எண்ணெயில் பொரித்தது இவை பித்த உடம்புக்கு அளவாகத்தான் இருக்கணும். வெயிலும், நெருப்பும், கோபமும், ராத்திரி கண் விழிப்பதும் கூட்டும்.

நேரத்துக்கும் கணக்கு இருக்கு. உச்சிப்பொழுது பித்தத்தின் நேரம். நடு ராத்திரியும் அப்படியே. வயதில் நடுவயது பித்தத்தின் காலம். பருவத்தில், மழை விட்டபின் வெயில் சுள்ளென்று அடிக்கும் நாட்களில் பித்தம் கிளம்பும் என்று நூல்கள் சொல்கின்றன. அவை வடக்கே மழை முடியும் காலத்தை வைத்துச் சொன்னவை. நமக்கு ஐப்பசியில்தான் பெருமழையே தொடங்குகிறது. ஆகவே மாதத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து நடந்துக்கோங்க.

இதையெல்லாம்விட நம் பெண்களுக்குப் பித்தத்தைக் கூட்டுவது வேறொன்று. அதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கு.

அடக்கக் கூடாதது பசி

வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற ஆயுர்வேத நூல் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. அதில் நான்காம் அத்தியாயம் உடம்பு கேட்பதை அடக்குவதால் வரும் நோய்களைப் பற்றியது. அடக்கக் கூடாதவை என்று 13 சொல்கிறார். மலம், சிறுநீர், தும்மல், தூக்கம், இருமல், கண்ணீர் என்று போகும் அந்த வரிசையில் பசியும் இருக்கு, தாகமும் இருக்கு. பசியை அடக்கினால் என்ன ஆகும்? உடம்பு வலி, சாப்பாட்டில் வெறுப்பு, சோர்வு, இளைப்பு, வயிற்று வலி, தலைச்சுற்று.

இதைப் படித்தபோது எங்களுக்கு நம் உறுப்பினர்களின் முகம்தான் ஞாபகம் வந்தது. காலை நாலரை, அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறோம். வாசல் தெளித்து, மாட்டைப் பார்த்து, தண்ணீர் பிடித்து, வெறும் வயிற்றில் ஒரு டீ. பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்து, வீட்டுக்காரருக்குப் போட்டு, மாமியாருக்கு எடுத்து வைத்து, நாம் தட்டைத் தொடும்போது மணி பத்தோ பதினொண்ணோ. கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இன்னொரு டீயோடு வயலுக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடுகிறோம். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறோம். பசி, தாகம், சிறுநீர் என்று அடக்கக் கூடாததில் மூன்றை ஒரே காலைப்பொழுதில் அடக்கிவிட்டு, உச்சி வெயிலில் தலை சுத்தி, கசப்பாக வாந்தி எடுத்து, "என் உடம்பு வாகு அப்படி" என்கிறோம்.

வாகின் மேல் பழி போடலாமா? பித்த உடம்புக்காரருக்குச் செரிக்கும் நெருப்பு மற்றவர்களைவிடக் கூர்மை. அடுப்பை எரியவிட்டு உலைப்பானையில் அரிசியும் தண்ணீரும் போடவில்லை என்றால் பானைதானே கருகும்? கப வாகுள்ள ஓரகத்தி பதினொரு மணி வரை தாங்கலாம். பித்த வாகுள்ளவருக்கு அது முடியாது. இளையவளைக் காட்டி "அவ சாப்பிடாம வேலை செய்யலையா?" என்று நடுவுள்ளவரைக் கேட்பது நியாயம் இல்லை.

ஆகவே பித்த உடம்புக்கு முதல் வைத்தியம் சூரணம் இல்லை, கஷாயம் இல்லை. எழுந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஏதாவது திடமாக வயிற்றுக்குள் போகணும். ஒரு இரவு மட்டும் ஊறிய பழைய சோறும் சின்ன வெங்காயமும் போதும். கம்மங்கூழ், கேழ்வரகுக் கூழ், இரண்டு இட்லி, எதுவானாலும் சரி. பிள்ளைகளுக்குக் கட்டும்போதே உங்களுக்கும் ஒரு டப்பா கட்டுங்க. எல்லாருக்கும் போட்டபின் மிஞ்சினதைச் சாப்பிடுவது என்ற வழக்கம் இருக்கும் வரை எந்த மருந்தும் நிற்காது. இதைத் தனி ஒருத்தி வீட்டில் பேசினால், "உனக்கு மட்டும் என்ன அவசரம்?" என்ற பேச்சு வரும். குழுவில் பத்து வீட்டிலும் ஒரே வாரத்தில் பேசினால் அந்தப் பேச்சு வராது. விரதம் இருக்கும் நாட்களிலும் தண்ணீரை நிறுத்த வேண்டாம், பாலோ பழமோ எடுத்துக்கோங்க.

எதைச் சாப்பிடலாம்?

இருக்கிறதை வைத்தே செய்யலாம். பயறுகளில் பச்சைப்பயறு நல்லது. சுரைக்காய், பூசணி, புடலை, வெள்ளரி, பாகற்காய், மணத்தக்காளிக்கீரை இவை பித்தத்துக்கு ஒத்துப்போகும். புளிக்காத மோரில் தண்ணீர் கலந்து, சீரகமும் கொத்தமல்லியும் போட்டுக் குடிக்கலாம். இளநீர், தேங்காய்ப்பால் குளிர்ச்சி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. ஒரு கரண்டி நெய் பித்தத்துக்கு நல்லது என்று நூல்கள் புகழ்கின்றன. வீட்டில் நெய் இருந்தால் ஆண் பிள்ளைக்கு மட்டும் ஊற்றாமல் உங்க சோற்றிலும் ஊற்றிக்கோங்க.

நெல்லிக்காய் ஒரு விதிவிலக்கு. புளிப்பாக இருந்தும் பித்தத்தைத் தணிப்பது அது. மாதுளையும் அப்படித்தான்.

வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிட்டால் குளிர்ச்சி என்று நாம் சொல்கிறோம். ஆயுர்வேத நூல்களோ வெந்தயத்தைச் சூடு என்கின்றன. நல்லெண்ணெயும் அப்படியே. சூடு தணிய நாம் தேய்த்துக் குளிக்கிறோம், நூலில் அது சூடான எண்ணெய். யார் சொல்வது சரி என்று சண்டை போட வேண்டாம். பல வருஷமாகத் தேய்த்துக் குளித்து உங்களுக்கு ஒத்துக்கொண்டது என்றால் தொடருங்க. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தேங்காய் எண்ணெய்க்கு மாறிப் பாருங்க.

பித்தம் என்று சொல்லி மறைக்கக் கூடாதவை

இதுதான் எங்களுக்கு அதிகக் கவலை தரும் பகுதி. இப்படி ஒருத்தரை உங்க குழுவிலேயே பார்த்திருப்பீங்க. அடிக்கடி தலை சுத்தல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், எப்போதும் அசதி. கேட்டால் "பித்தம்" என்பார். எலுமிச்சம்பழமும் இஞ்சிச் சாறுமாக வருஷம் ஓடும். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். அவருக்கு இருப்பது ரத்தசோகை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது 20 பேர் உள்ள குழுவில் பத்துப் பேருக்கு இருக்கலாம். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கணும், கர்ப்பிணிக்கு 11. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லாமல் பார்த்துச் சொல்வாங்க. பித்தமா, ரத்தசோகையா என்று நாடி பிடித்துத் தர்க்கம் செய்யத் தேவையில்லை. ஒரு துளி ரத்தம் சொல்லிவிடும்.

பிறகு சத்து மாத்திரை தருவாங்க. நம்மில் பலர் அதை அலமாரியில் போட்டுவிடுகிறோம். "மாத்திரை சூடு, பித்தத்தைக் கிளப்புது, குமட்டுது" என்று காரணம் சொல்கிறோம். குமட்டுவது உண்மைதான். சாப்பிட்டபின் போட்டால், அல்லது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பெரும்பாலும் குறையும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். டீயோ பாலோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையோ அதோடு சேர்த்து எடுத்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. முருங்கைக்கீரையைச் சூடு என்று ஒதுக்கிவிடாமல் தேங்காய்ப்பூ சேர்த்துப் பொரியல் செய்து, கூட ஒரு நெல்லிக்காய் சாப்பிடுங்க. நெல்லிக்காய் இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும், பித்தத்துக்கும் நல்லது. மாதவிலக்கில் அதிகமாகப் போகிறது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்க. ரத்தம் குறைய அதுவும் காரணம்.

அடுத்தது வயிற்று எரிச்சல். கை கால் வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுப் போட்டுக் குடல் புண்ணாகியவர்கள் உண்டு. எரிச்சலுக்குப் பித்தம் என்று பெயர் வைத்துவிட்டு மறுபடி அதே மாத்திரையைப் போடுவாங்க. மலம் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

கண் மஞ்சளானால் காமாலை. நாட்டு மருந்துக்குப் போவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்க. நாற்பத்தஞ்சு, ஐம்பது வயதில் திடீரென்று முகம் சிவந்து வேர்த்தால் அது மாதவிலக்கு நிற்கும் காலத்தின் சூடு. தலைச்சுற்றுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீடு வீடாகப் போய் இவற்றைப் பார்க்கும் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற குழுப் பெண்களைத்தான் எடுத்தாங்க. ஆகவே இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை.

நெஞ்சு அடைப்பது போல, அழுத்துவது போல வலி, கூடவே குளிர்ந்த வேர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் இருந்தால் சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீங்க. பெண்களுக்கு நெஞ்சு வலி அவ்வளவாகத் தெரியாமல் வாந்தி, மேல்வயிற்று வலி, அசதி என்று மட்டும்கூட மாரடைப்பு வரலாம். உடனே 108.

பொட்டலம் விற்க வருகிறவர்கள்

"உங்க உடம்பு வாகுக்குத் தகுந்த மருந்து" என்று குழுக் கூட்டத்துக்கே வந்து விற்கிறவங்க உண்டு. மூன்று மாதம், ஆறு மாதம் சாப்பிடணும் என்பாங்க. தவணையிலும் தருவாங்க. உள்கடன் எடுத்து இதை வாங்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. தயாரித்தவர் பெயர், உரிம எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இல்லாத பொட்டலத்தைத் தொடவே வேண்டாம். மூலிகை என்பதாலேயே தீங்கு வராது என்று நினைப்பது தப்பு. 2011-12இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பதைச் சுகாதாரத் துறையினர் கண்டுபிடித்தாங்க. அவங்க எல்லாரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்து சாப்பிட்டவங்க. ஈயம் வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் படித்த மருத்துவர் எழுதித் தராத எந்தச் சூரணமும் பஸ்பமும் சாப்பிடக் கூடாது.

முறையாக வைத்தியம் பார்க்க நினைத்தால் வழி இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கு. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், சென்னை அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கு. போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீங்க. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க, முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு, தூக்கம் எப்படி, மலம் எப்படிப் போகுது, மாதவிலக்கு எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று ஒரு வாரம் குறித்து எடுத்துப் போனால் மருத்துவருக்கு வாகு பார்ப்பது சுலபம். எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவின் கணக்காளர் எழுதித் தரட்டும்.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் இரண்டு விஷயம் எழுதுங்க. உறுப்பினர் எல்லாரும் சேர்ந்து ரத்தம் பார்க்கப் போகும் தேதி ஒன்று. காலையில் முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒவ்வொருத்தரும் சொல்லும் நேரம் இன்னொன்று. மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தில் மறுபடி எழுதி, இரண்டையும் எங்களுக்கு அனுப்பி வைங்க.